தொட்டி இளவரசன் குனிந்தானா?

ஒச்சி யுசுருவை ஜப்பானின் மருகாமே ஊர் நீதிமன்றத்துக்கு முதல் தடவை கொண்டுவந்த நாளில் அவன் ஒரு கைபேசி உயரம்தான் இருந்தான். வயது இருபத்து நான்கு. கைதானபோது நெட்டையான ஆள். போலீஸ் வண்டியில் ஏறுகையில் தலையை இடித்துக்கொண்டான், அதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். காவலில் இருந்த நாட்களில் நாடு முழுவதும் அவனைக் கைபேசியில் பார்க்கப் பார்க்க, அவன் அந்தத் திரைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கிப்போனான். விலங்கு கழன்று கழன்று விழுந்ததால் காவலர்கள் அதைக் கைவிட்டு, மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து அவனைக் கொண்டுவந்தார்கள். மூச்சுவிட மூடியில் துளை போட்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லாததால் விசாரணையைத் தள்ளிவைக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அவன் செய்தது இதுதான். கோட்டை அகழி ஓரத்தில், உதோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ் விற்கிற தொகுஜியின் கடை இருக்கிறது. ஒரு நாள் காலை, கடை நிறைய ஆள் இருக்கையில், யுசுரு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெந்த உதோனை அலசுகிற தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து, சோப்புப் போட்டு, பாட்டுப் பாடிக் குளித்தான். குச்சியில் செருகிய கைபேசி அதை அப்படியே இணையத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அவனுக்குத் தொட்டி இளவரசன் என்று பெயர் விழுந்துவிட்டது. சுகாதாரத்துறைக்காரர்கள் வந்து கடையை மூடச் சொன்னார்கள், தொட்டியைத் தேய்த்துக் கழுவியபின் திறக்கச் சொன்னார்கள். தொகுஜி திறக்கவில்லை. வாசலில் தொங்குகிற நீலத் துணியைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். அந்தத் துணி வெளியே தொங்கினால்தான் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். "அந்தப் பய என் முன்னால வந்து ஒழுங்கா குனிஞ்சு மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இது வெளிய போகாது" என்றார். யுசுருவின் வக்கீல் இனிப்புப் பெட்டியும் பணம் வைத்த உறையும் எடுத்துக்கொண்டு வந்து, இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்தார். தொகுஜி இரண்டையும் அவர் கையிலேயே திணித்தார். "நீ குனிஞ்சு என்னய்யா பிரயோஜனம்? நீயா குளிச்ச?"

தொகுஜி மனைவி சுமியேதான் கஷ்டப்பட்டாள். அந்தக் கடையில் உதோன் மாவைக் காலால் மிதித்துப் பிசைவது அவள் வேலை. கல்யாணமான மறுநாளிலிருந்து விடியற்காலை எழுந்து மாவை மிதித்த கால், இப்போது மிதிக்க ஒன்றும் இல்லாமல் அரித்தது. தூக்கத்தில் மெத்தையை மிதித்தாள். தொகுஜிக்கு முட்டியில் உதை விழுந்தது. ஆனாலும் அவர் மசியவில்லை.

நீதிமன்றத்திலிருந்து போன் வந்தது. பாதிக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கித் தருகிறோம் என்றார்கள். சும்மா கொடுக்கிறதில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். கூட்டத்தோடு கூட்டமாகச் சீட்டுக்கு நிற்கப் போனார். அது சின்ன நீதிமன்றம், பொதுமக்களுக்கு இடம் குறைவு. கூட்டம் வந்தால் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் எண் போட்ட காகிதப் பட்டையைச் சுற்றுவார்கள், பிறகு குலுக்கல் நடக்கும். விழுந்த எண் உள்ளே, விழாத எண் வீட்டுக்கு. அன்றைக்கு வரிசை நீதிமன்ற வாசலில் தொடங்கி அகழியை ஒரு சுற்றுச் சுற்றியது. அதில் பாதிப் பேர் டிவிக்காரர்கள் கூலி கொடுத்து நிறுத்திய கல்லூரிப் பிள்ளைகள் என்று தொகுஜி சத்தமாகவே சொன்னார், அந்தப் பிள்ளைகளும் ஆமாம் என்றார்கள்.

அதே நேரம் வெங்காயத்தாள் வாங்கக் கிளம்பிய சுமியே, வழியில் ஒரு வரிசையைக் கண்டாள். வரிசை என்றால் முனையில் ஏதாவது நல்லது இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றும், அவளும் கடைசியில் போய் நின்றாள். ஸ்ட்ராபெர்ரி வண்டி வந்திருப்பதாக அவள் நினைப்பு. கையில் பட்டையைச் சுற்றிய பிறகுதான் முன்னால் நின்றவளிடம் கேட்டாள்.

"இது எதுக்கும்மா வரிசை?"

"தெரியலையே அக்கா. எனக்கு முன்னாடி நிக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

குலுக்கலில் தொகுஜிக்கு விழவில்லை. சுமியேவுக்கு விழுந்தது. பட்டையைக் கழற்றினால் செல்லாது என்பதால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அவள் காய்கறிப் பையோடு உள்ளே போய் உட்கார்ந்து, முடிந்ததும் வெளியே வந்தாள்.

"இவ்வளவுதாங்க இருந்தான்" என்று விரலை விரித்துக் காட்டினாள். "மேசை மேல மெத்தை போட்டு நிக்க வெச்சிருந்தாங்க. பேரைச் சொன்னப்போ ஜட்ஜு காதைக் கிட்ட கொண்டுவந்தார், பாவம்."

"அதெல்லாம் கிடக்கட்டும். குனிஞ்சானா?"

"கண்ணாடி எடுத்துட்டுப் போகலையே."

"ஏன் எடுத்துட்டுப் போகல?"

"வெங்காயத்தாள் வாங்க எவளாவது கண்ணாடி போடுவாளா?"

ஒன்று மட்டும் எல்லோரும் கவனித்தார்கள். நீதிமன்றத்துக்குள் கைபேசியை அணைத்துப் பைக்குள் வைக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. அதனால் உள்ளே இருந்தவர்கள் யுசுருவை வெறும் கண்ணால் பார்த்தார்கள். விசாரணை முடிந்து அவனைப் பெட்டியில் வைத்தபோது மூடி சரியாக மூடவில்லை. ஒரு விரற்கடை வளர்ந்திருந்தான். வெளியே வந்ததும் கூட்டம் கைபேசியைத் தூக்கியது, மூடி மூடிக்கொண்டது.

அடுத்த விசாரணை மழைக்காலத்தில் வந்தது. அதற்குள் காவலர்களே தினமும் மூன்று வேளை வெறும் கண்ணால் பார்த்துப் பார்த்து அவனைச் சாக்கே மதுப் பாட்டில் உயரத்துக்கு வளர்த்துவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை சீட்டு விழுந்தது சவரக்கடை கம்பெய்க்கு. அவர் நேராகத் தொகுஜி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"குனிஞ்சான்டா. நெத்தி மேசையில பட்டுச்சு. சத்தியமா."

"உன் சத்தியத்தை நம்பித்தானே போன வாரம் தலையைக் குடுத்தேன். ஒரு காது மூடியிருக்கு, ஒரு காது திறந்திருக்கு."

"காதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நேரா வெட்டத் தெரியாதவன் கண்ணு நேராப் பார்க்குமா?"

அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. பொதுக் குளியலறை வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு, குனிந்தான் என்று ஒரு பக்கமும், பையன் எட்டிப் பார்த்ததைக் கம்பெய் குனிந்ததாக நினைத்துவிட்டான் என்று ஒரு பக்கமும் பேசினார்கள். பரண்மேல் நீலத் துணியில் பூச்சி ஓட்டை போட ஆரம்பித்தது.

தீர்ப்பு நாளில் தொகுஜிக்குச் சீட்டு விழுந்தது. அவர் அதை நம்பாமல் எண்ணை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி ஊழியரை வம்புக்கு இழுத்தார். பிறகு உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். யுசுரு அப்போது பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை உயரம் இருந்தான். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவன் நீதிபதியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், ஜனங்களுக்குத் தெரிவது முதுகு மட்டும். தண்டனை உண்டு, ஆனால் ஒழுங்காக இருந்தால் சிறைக்குப் போகவேண்டாம் என்று நீதிபதி வாசித்தார். யுசுரு நன்றாகவே குனிந்தான். தொகுஜிக்குத் தெரிந்தது அவன் புட்டம். அதன்பிறகு அவன் திரும்பினான், முன்வரிசையில் அவரைக் கண்டான், கண்டதும் முகம் மாறியது. அந்த நொடியில் செய்தி சொல்ல முதலில் ஓட வேண்டிய நிருபர்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து கதவுக்குப் பாய்ந்தார்கள். கோட்டும் பையும் விலகியபோது பையன் நிமிர்ந்துகொண்டிருந்தான். எதிலிருந்து நிமிர்ந்தான் என்று தொகுஜியால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் நிருபர்களின் தாயாரை விசாரித்துக்கொண்டே வந்தார். கடைக்கு வந்தால் வாசலில் நீலத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சுமியே மாவை மிதித்துக்கொண்டிருந்தாள். நெத்திலிக் கருவாட்டுச் சாறு கொதித்தது.

"எவடி இதைத் தொங்கவிட்டது?"

"நான்தான். குனியணும் குனியணும்னு குதிக்கறீங்களே, அந்தப் பையன் வந்தா எதுக்குக் கீழ குனிவான்? துணி இல்லாத வாசல்ல நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் வருவான்."

தொகுஜி ஒரு கிண்ணம் உதோன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொழுது சாயும்போது யுசுரு வந்தான். நீதிமன்றப் படிக்கட்டில் ஊரே கைபேசியை நீட்டியதில் அவன் மறுபடி பாட்டில் அளவுக்கு இறங்கியிருந்தான். சுவரை ஒட்டி, பூனைகளுக்கு ஒதுங்கி நடந்து வந்திருந்தான். நீலத் துணியின் ஓரம் அவனுக்கு வானம் மாதிரி எங்கோ மேலே இருந்தது. வாசலைத் தாண்டி நின்று குனிந்தான். தொகுஜி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"தெரியல."

"முதலாளி, இதுக்கு மேல குனிஞ்சா தரையில படுத்துடுவேன்."

"கீழயே இருக்கறவன் குனிஞ்சா அது எந்தக் கணக்குடா? இந்தத் துணி உன் தலையில இடிக்கும்ல, அன்னிக்கு குனி. பார்த்துச் சொல்றேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மாவை மிதி. குளிச்ச கால்தானே, சுத்தமா இருக்கும்."

மறுநாள் அவன் மாவின்மேல் ஏறி மிதித்தான். அவன் மிதித்தது மாவுக்குத் தெரியவில்லை. சுமியே அதன்மேலேயே இன்னொரு தரம் மிதித்தாள். சுவரில் தொகுஜி கோணல் எழுத்தில் ஒட்டினார்: கைபேசியை எடுத்தால் சாறு கிடையாது. ஜனங்கள் மென்றுகொண்டே வெறும் கண்ணால் அவனைப் பார்த்தார்கள், பார்த்துப் பழகியதும் வேறு பேச்சுப் பேசினார்கள். அவன் வளர்ந்தான். ஒசாக்காவிலிருந்து வந்த ஒரு கும்பல் மேசைக்கடியில் ஒளித்துப் படம் எடுத்து, ஒரே காலையில் அவனை முழங்கால் உயரத்துக்குக் குறைத்துவிட்டது. சுமியே கரண்டியோடு அவர்களை அகழிவரை விரட்டினாள். அதற்கடுத்த வருஷம் வேறு எங்கோ வேறு எவனோ வேறு எதிலோ குளித்தான், இணையத்துக்குத் தொட்டி இளவரசன் மறந்துபோனான். அது மழை பெய்த மாதிரி உதவியது. மாவில் அவன் பாதத்தின் தடம் விழ ஆரம்பித்தது. பிறகு சுமியே மறுமிதி மிதிப்பதை நிறுத்திக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்கினாள்.

செர்ரி பூத்து உதிர்ந்த ஒரு காலையில், மாவில் உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தொகுஜிக்கு வாசலில் டங் என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். துணி கோத்திருந்த மூங்கிலில் நெற்றியை இடித்துக்கொண்டு, யுசுரு அதைத் தேய்த்தபடி நின்றான். பிறகு கழுத்தை மடக்கி, தோளை இறக்கி, இடுப்பிலிருந்து வளைந்து, நீலத் துணிக்குக் கீழாக உள்ளே வந்தான். வந்தவன் நிமிராமல் அப்படியே நின்றான். இடையில் நிருபர் யாரும் இல்லை.

"தெரியுதா முதலாளி?"

"தெரியுது" என்றார் தொகுஜி. "போ, தண்ணி கொதிக்குது."

கம்பெய் மட்டும், இரண்டாம் விசாரணையிலேயே அவன் குனிந்துவிட்டான் என்று இன்றைக்கும் சொல்கிறார், யாரும் கேட்பதில்லை. பையன் தினமும் இடித்துக்கொள்கிறானே, மூங்கிலைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டக்கூடாதா என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்கிறார்கள். தொகுஜி சம்மதிக்கவில்லை. மூங்கில் அங்கேயேதான் இருக்கிறது.