புள்ளிக்குப் பின்னால் இருந்த எடை

மாதம்மாள் அக்காவுக்கு நான் தரவேண்டியது ஐந்நூற்று நாற்பது ரூபாய். அது அக்காவுக்கே தெரியாது. பத்து மூட்டை புளி, மூட்டைக்குத் தொள்ளாயிரம் கிராம் வீதம் ஒன்பது கிலோ, கிலோ அறுபது ரூபாய். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவன் போட்ட கணக்கு என்றாலும் சரியான கணக்கு.

போன மாசியில் போளூர் வியாபாரி தனசேகரன் மலைக்குப் புளி எடுக்க வந்தபோது அக்காவின் மூட்டைகளை நான்தான் தூக்கினேன். நான் படிக்கக் கற்றுக்கொண்டதை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எலக்ட்ரானிக் தராசில் எடையைப் பார்த்துச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டு, வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டார். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது என்று கத்தினேன். புள்ளிக்குப் பின்னால் இன்னும் ஓர் எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை. நாலு பேர் என்னைப் படித்த ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பங்குனியில் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது மகள் ஆனந்தி சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் எடைதான் என்று. அன்று விட்டுப்போன எண்கள் எவை என்று நினைவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒன்பது என்றே வைத்துக்கொண்டேன்.

எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு நாலு பாவம்தான். குடித்தேன், பொய் சொன்னேன், கெட்ட வார்த்தை பேசினேன், பூசைக்குப் போகவில்லை. வருஷா வருஷம் கோயிலில் ஃபாதரிடம் அதையே சொல்லிவிட்டு வருவேன். என்னென்ன பாவம் என்று பட்டியல் போட்ட ஆத்தும சோதனைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிறகு பக்கத்துக்குப் பக்கம் என் பேர் போட்டிருந்த மாதிரி இருந்தது. விஷயம் பெரிதாக இருக்க வேண்டும், தெரிந்து செய்திருக்க வேண்டும், மனசாரச் செய்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சாவான பாவம். அதோடு போய்ப் பூசையில் ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்கினால் அது இன்னும் பெரிய பாவம். ஏழைப் பொம்பளையின் புளி பெரிய விஷயமா? அந்தச் சிவப்பு எண் எனக்குத் தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேனா? மூட்டை தூக்கும்போதும் இதே யோசனை. பூசையில் எல்லோரும் வரிசையாகப் போக, நான் கடைசித் தூணோரம் நின்றுகொண்டேன்.

இரண்டு முறை இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"தெரியாம செஞ்சது பாவமில்ல இஞ்ஞாசி. மனசு கேக்கலன்னா பணத்தக் குடுத்துடுங்க. மூணாவது வாட்டி இத எங்கிட்ட கொண்டாராதீங்க."

வைகாசியில் ஆனந்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக அவள் நன்மை வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்து ஆணியில் மாட்டியிருந்தது. "நீ வாங்கலன்னா நானும் வாங்க மாட்டேன்ப்பா" என்றாள். அவள் சொன்னால் செய்வாள்.

புதுநன்மைக்கு முந்தின நாள் காலையில் மலை ஏறினேன். மாதம்மாள் அக்கா வாசலில் புளியங்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பணத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அளவுக்கு.

"ஏண்டா, ஒரு சொம்பு தண்ணி இன்னா எட இருக்கும்?"

"ஒரு கிலோ இருக்கும்க்கா."

"மூட்டைக்கு ஒரு சொம்பு தெளிச்சி வெச்சிருந்தேன். பத்து மூட்டைக்கும். இப்ப போடு உன் கணக்க."

போட்டேன். பத்து கிலோவில் ஒன்பது போக ஒன்று. "அப்டின்னா தனசேகரனுக்கு அறுவது ரூவா..." என்று என் வாய் தானாகச் சொன்னது.

அக்காவின் சிரிப்பு நின்றது. "டேய், அதயும் நீ தூக்கிக்காத. அது என்னுது. எங்க சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

பணத்தை என் சட்டைப் பையில் திணித்து, பெண்ணுக்கு ஏதாவது வாங்கச் சொன்னாள். கொட்டையை மிதிக்காமல் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு மறுபடி கிளற ஆரம்பித்தாள்.

இறங்கும்போது விரல்கள் இரண்டு மூன்று தரம் கணக்குப் போடப் பார்த்தன. போட எதுவும் இருக்கவில்லை. சாயங்காலம் ஃபாதரிடம் போய், தெரியாததைத் தெரிந்த மாதிரி நாலு பேர் முன்னால் காட்டிக்கொண்டேன் என்றேன். இன்னும் ஏதோ வரும் என்று அவர் காத்திருந்தார். அவ்வளவுதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் ஆனந்தி எனக்கு முன்னால் போனாள். நான் வருகிறேனா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அவள் வாங்கி நகர்ந்ததும் நான் கையை ஏந்தினேன். ரேகையெல்லாம் புளிக்கறை. முப்பது வருஷம் மூட்டை தூக்கிய கை அது, எதை வைத்தாலும் எடை சொல்லிவிடும். ஃபாதர் அப்பத்தை வைத்தார். வைத்துவிட்டாரா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.