கொக்கின் பெயரை யாரும் எழுதவில்லை

கமாண்டர் ஓரெஸ்ட் சிகரெட் பெட்டிகளைக் கிழித்து ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

"எதிரிக்கு எதிரே முன்வரிசைக் குழியில அஞ்சு நாள், ரெண்டு பேர். யாரோட போவீங்க? ஒரே ஒரு பேர் எழுதுங்க. ஐஸ் வைக்க என் பேர எழுதுறவன் கக்கூஸ் குழி வெட்டுவான். பேர் வராதவங்கள்ல யாருமே கூடச் சேர்த்துக்காத ஆளு பின்னால கிடங்குக்குப் போகட்டும்."

நான் நெஸ்டர் என்று எழுதினேன். என்னை யாராவது எழுதுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முந்நூறு மீட்டரில் டப்பா மூடியை அடிப்பவன் எங்கள் பிளட்டூனில் நான் ஒருவன்தான்.

ஏழு துண்டில் மில்கோ. ஒன்றில் நெஸ்டர், அது என்னுடையது. இன்னொன்றில் சமையல்காரர் பெயர். அது மில்கோ எழுதியதாகத்தான் இருக்கும்.

கொக்கு என்று ஒன்றிலும் இல்லை. உயரமாக இருப்பதால் எனக்கு வைத்த பெயர் அது.

மில்கோ கார்கிவ் நகரத்தில் டிராம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். தொந்தி. மரத்தைக் குறிவைத்தால் வானத்தில் சுடுவான். வாய் மட்டும் ஓயாது. அவனுக்கு ஏழா?

இரவு முழுக்கப் புரண்டேன். சுத்தமாக இருந்த துப்பாக்கியை மூன்று முறை துடைத்தேன். கிடங்குக்குப் போனால் மறுபடியும் தனி ஆள். இவர்களை விட்டால் எனக்கு யாரும் கிடையாது.

மில்கோவும் நெஸ்டரும் கிளம்ப வேண்டிய காலையில் மில்கோவுக்கு நல்ல காய்ச்சல். வெளியே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பனிமூட்டம் கலைந்தால் டிரோன் பார்த்துவிடும்.

"நெஸ்டர், கொக்கைக் கூட்டிட்டுக் கிளம்பு" என்றார் கமாண்டர்.

"வேணாம் கமாண்டர்."

"ஏன்? அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நெஸ்டர் என் பூட்ஸைப் பார்த்துச் சொன்னான். "போன மாசம் குண்டு விழுந்தப்ப இவன் நல்லாத்தான் சுட்டான். பக்கத்துக் குழியிலேர்ந்து நான் பத்துவாட்டி கூப்பிட்டேன். ஒரு 'ம்' கூட இல்ல. செத்துட்டான்னு நெனச்சுட்டேன். கை விறைச்சுப்போச்சு, ஒரு தோட்டா சுடல நான். மில்கோன்னா கத்திக்கிட்டே கெடப்பான். 'வாய மூடுடா தொந்தி'ன்னு திட்டிக்கிட்டே நானும் சுட்டுருவேன்."

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷம் இருட்டுக் குழிக்குள் ஒற்றை ஆளாக வேலை பார்த்தவன். அங்கே யாரிடம் பேசுவது?

போர்வைக்குள்ளிருந்து மில்கோ, "அவன் பேசுவான்டா, கூட்டிட்டுப் போ. செத்தா மட்டும் பேச மாட்டான்" என்றான்.

"பேசுவியா?" என்றான் நெஸ்டர்.

"என்னத்த பேச?"

"எதையாவது பேசித் தொலை."

போனோம். பத்தடி இடைவெளியில் ஆளுக்கொரு குழி. ரெண்டு நாள் சேறும் கறுப்பு ரொட்டியும்தான். மூன்றாம் நாள் மதியம் குண்டுமழை ஆரம்பித்தது. நின்றதும் எதிரே எதிரிகள் பதுங்கியிருந்த புதர்கள் அசைந்தன. நான் சுட்டேன். நெஸ்டர் பக்கம் சத்தமே இல்லை.

எதையாவது பேச வேண்டும். அதைவிடச் சுடுவது சுலபமாக இருந்தது.

"நெஸ்டர்! நான் இருக்கேன்!" என்று கத்தினேன். வேறென்ன சொல்வது? "ஏழாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சுடா! உள்ள ஒரு பொம்பள! கையில கல்யாணக் கேக்கு! மூணு அடுக்கு!"

சுட்டேன். தோட்டா நிரப்பினேன். கைதான் வேலை பார்த்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"நாலு மணி நேரம் உள்ளயே இருந்தா! கீழ மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குதிக்கிறாங்க!"

பக்கத்துக் குழியிலிருந்து ஒரு துப்பாக்கி வெடி. அப்புறம் இரண்டு. புதர்களில் இருந்த சிலர் பின்வாங்கினார்கள்.

"கேக்கு என்னடா ஆச்சு?" என்று நெஸ்டர் அலறினான். "சொல்லுடா கொக்கு, நாயே!"

அப்படி ஒரு கேக்கே கிடையாது. ஒரு பொம்பளையும் கிடையாது.

"இரு, சொல்றேன்!" என்று கத்திக்கொண்டே அடுத்த புதரைக் குறிவைத்தேன். "முதல்ல கதவத் தொறக்கணும்ல!"