கெலேபியின் குடை

நேர்காணல் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உனைசி மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த மரவள்ளிக்கிழங்கையும் தேங்காய்ப்பால் மீனையும் கடை மேலாளர் கெலேபி பிரித்துவைத்துச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தார். அவளால் ஏன் என்று கேட்க முடியாது. எல்லாம் ஊர்ப் பெயரைச் சொன்னதால் வந்த வினை.

அவளுடைய தீவும் அவருடைய மலைக்கிராமமும் ஒரே குலதெய்வத்தின் வழிவந்தவை. ஃபிஜியில் அப்படிப்பட்ட இரண்டு ஊர்க்காரர்கள் எங்கே சந்தித்தாலும் வாய்க்கு வந்தபடி கேலி செய்யலாம்; ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் பறித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவருக்குத்தான் மானக்கேடு.

"உங்க ஆளுங்க வந்துட்டுப் போனா மூணு நாளைக்குக் கடையில மீன் நாத்தம் போகாது" என்றார் கெலேபி, வாய் நிறைய மீனோடு.

வேலை கேட்டு வந்த இடம்தான். அதற்காக உறவை விட்டுக்கொடுப்பாளா?

"மலைக்காரங்களுக்கு மீன் டின்லதான் விளையும்னு நெனப்பு. முள்ளு பாத்துத் தின்னு, கிழவா."

கெலேபி குலுங்கிச் சிரித்தார். தலைநகர் சுவாவிலிருந்து வந்திருந்த தலைமை அலுவலக அதிகாரி பிரமிளா சிரிக்கவில்லை. அவருக்கும் இந்த முறையெல்லாம் தெரியாமல் இல்லை. கல்லாவில் முன்பு இருந்த பெண் சாமானோடு நடையைக் கட்டிய உறவுக்காரர்களைத் தடுக்க வாய் வராமல்தான் வேலையை இழந்தாள்.

"இவர மாதிரி ஒருத்தர் வந்து, காசு குடுக்காம பிஸ்கட் பாக்கெட்ட எடுத்துட்டுப் போனா என்னம்மா பண்ணுவ?"

வேலை பார்த்த விடுதியின் சலவைக்கூடத்தை மூடிவிட்ட பிறகு உனைசிக்கு இது மூன்றாவது நேர்காணல். இதுவும் போனால் வெள்ளிக்கிழமைக் கப்பலில் தீவுக்குத் திரும்ப வேண்டியதுதான். மகளின் பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் நிற்கும். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவளா அவள்?

"என் பையில இருக்கிறத எடுக்கட்டும் மேடம், மறிக்க மாட்டேன். இப்பக்கூட எடுத்துட்டாரே. கடைச் சாமான் என்னோடது இல்ல. என்னோடது இல்லாதத எடுத்துக்கோன்னு விட நான் யாரு?"

வாயால் எல்லோரும்தான் சொல்கிறார்கள் என்றார் பிரமிளா. வியாழக்கிழமைக்குள் சொல்லி அனுப்புவதாகக் கூறிக் கோப்பை மூடினார்.

வாசலுக்கு வந்தால் லம்பாசா நகரம் முழுக்க மழை, சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கதவோரம் ஆணியில் இரண்டு குடைகள் தொங்கின. ஒன்று சிவப்பு, புத்தம் புதியது. மற்றது கறுப்பு, கம்பி ஒன்று ஒடிந்தது. வழியனுப்ப வந்த இருவரையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல உன்னோடது எது?"

"கறுப்பு. ஏன்?" என்றார் கெலேபி. "சிவப்பு கடையோடது."

உனைசி கறுப்பை எடுத்து விரித்தாள்.

"சாப்பாட்டுக்குச் சரியாப் போச்சு. நீ நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போ. குளிச்ச மாதிரியும் இருக்கும்."

பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் அவள் ஓடவில்லை, நிமிர்ந்தே நடந்தாள். ஒடிந்த கம்பி வழியாகத் தண்ணீர் ஒரு தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. பேருந்து நிலையத்துத் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தாள். கெலேபி கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார். அவர் பக்கத்தில் பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பின்னால் சிவப்புக் குடை, நனையாமல், அதே ஆணியில் தொங்கியது.