பச்சை நூல் கட்டிய பட்டை

எனக்கு நெஞ்சில் கோளாறு என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் பாட்டுக்குப் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். வலியும் இல்லை, மூச்சும் வாங்கவில்லை. கையில் கட்டியிருந்த பட்டைதான் அப்படிச் சொல்லிற்று.

சென்னையில் ஆராய்ச்சி செய்யும் மோகனப்ரியா எனக்கும் என் மனைவி யோகலட்சுமிக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். ரப்பர் மாதிரி இழுபடும், நாடித்துடிப்பைப் படிக்கும். ஒரு முனையில் இருக்கும் சின்னப் பெட்டி, யார் பெயரில் பதிந்ததோ அந்தப் பெயரிலேயே துடிப்பைச் சென்னைக்கு அனுப்பிவிடும். மாறிவிடக் கூடாதென்று மறுமுனையில் எனக்குப் பச்சை நூலும் அவளுக்குச் சிவப்பு நூலும் கட்டினோம். அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளும், அதுதான் அதன் பெருமை. அதைச் சோதித்துப் பார்க்க, நடுவில் வெட்டி, முனைகளைச் சேர்த்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

வெட்டியதும் சேர்த்ததும் யோகலட்சுமிதான். தறியில் பாவு தீர்ந்தால் புது நூலைப் பழைய நூலோடு முறுக்கிப் பிணைப்பது அவள் வேலை. இரண்டு பட்டைகளையும் அடுக்கி வைத்து ஒரே வெட்டு. காலையில் பார்த்தால் வெட்டிய வடுகூட இல்லை.

அடுத்த வாரம் மோகனப்ரியா கூப்பிட்டாள். என் துடிப்பு நடுநடுவே தப்புகிறதாம். டாக்டரிடம் காட்டும்வரை மலை ஏறவே கூடாதாம். ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது, நானோ காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் வேட்டி கட்டியவன். எனக்குப் பதில் தானே எடுப்பதாக யோகலட்சுமி சொல்லிவிட்டாள். அவளும் கொஞ்ச நாளாகக் குடம் தூக்கினாலே உட்கார்ந்து உட்கார்ந்துதான் எழுந்தாள். வெயில் என்று நினைத்தோம்.

திருத்தணியில் சரவணப் பொய்கையில் குளித்துவிட்டுப் பூக்காவடியோடு அவள் படியேறினாள். அசையாமல் இரு என்று எனக்கு உத்தரவு. கீழே உட்கார்ந்து நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாயிருக்கிறவனை நோயாளியாக்கி உட்கார வைத்தால் எரிச்சல் வராதா?

அப்போது போன் அடித்தது. மோகனப்ரியாதான்.

"அண்ணா, ஏறாதீங்க. அப்படியே உக்காருங்க."

"உக்காந்துகினுதாம்மா இருக்கேன்."

ஓடுகிறவனுக்குப் போல அடிக்கிறதே, தப்பித் தப்பி அடிக்கிறதே என்றாள். நான் அசையவே இல்லை என்றேன். அப்படியானால் அக்கா எங்கே, அவர் துடிப்புதான் நிதானமாக இருக்கிறது என்றாள். அவள் காவடியோடு பாதி மலையில் இருப்பாள் என்றேன். மோகனப்ரியாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

மணிக்கட்டைப் பார்த்தேன். பச்சை நூல் சரியாகத்தான் இருந்தது. நூல் கட்டிய பாதி என்னுடையது. பெட்டி இருக்கும் பாதி?

பாவு பிணைக்கும்போது நிறம் ஒத்தால் போதும். இந்த இழைக்கு இந்த இழைதான் சொந்தம் என்று எங்களில் யாரும் பார்ப்பதில்லை. யோகலட்சுமியும் பார்த்திருக்க மாட்டாள். அந்தப் பாழாய்ப்போன பட்டையும் பார்க்கவில்லை. பக்கத்தில் எது கிடைத்ததோ அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. என் பெட்டி அவள் கையில்.

ஓடினேன். அரோகரா என்று ஏறும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். எத்தனை பேர் திட்டினார்களோ தெரியாது. எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

ஒரு திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. காவடியை மட்டும் இறக்கவில்லை. அதை வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டு, முதலுதவி ஆட்களைக் கூப்பிடச் சொல்லிப் பக்கத்திலிருந்தவரிடம் கெஞ்சினேன்.

அவள் என் மார்பில் கை வைத்தாள்.

"பாவா, இப்டி அடிக்குதே. உன்ன யாரு ஏறி வரச் சொன்னது?"

"ஆங், இது ஓடி வந்ததுல அடிக்கிது. நீ உக்காரு."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் சிவப்பு நூல் பட்டையைத் தள்ளிவிட்டு விரலை வைத்தேன். தப்பித் தப்பி அடித்தது.