நீலப் படிகமும் பத்தாம் பதிப்பும்

கல்லூரியில் அவருக்குப் 'பதிப்பு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முதலாண்டு மாணவர்களுக்கான பொது வேதியியல் பாடநூலை எழுதிவிட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அட்டையின் நிறம் என்று துணிந்து சொல்லலாம். மற்றபடி ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போடுகிற வேலைதான். மூன்றாம் கணக்கு பதினேழாவதாகும், பதினேழாவது மூன்றாவதாகும். அண்ணனின் பழைய புத்தகத்தோடு வகுப்புக்கு வருகிற தம்பி பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான்.

"விஞ்ஞானம் வளருதுல்ல, புத்தகம் வளர வேண்டாமா?" என்பார் பதிப்பு.

வளராத இடம் ஒன்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. காப்பர் சல்ஃபேட் கரைசல் தயாரிக்கிற செய்முறை. அந்த நீலப் படிகம் தனக்குள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தராசில் வைத்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் எடை காட்டும். அதையும் கணக்கில் எடுத்தால் கேட்கிற கரைசலுக்கு லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் வேண்டும். பதிப்பு தண்ணீரை மறந்துவிட்டுப் பதினாறு என்று எழுதியிருந்தார். ஒன்பது பதிப்பிலும் அந்தப் பதினாறு அசையவில்லை.

புத்தகப்படி செய்தால் கரைசலின் வலு குறைந்துதான் வரும். ஆனால் ஆய்வகத்தில் யாருக்கும் குறைந்து வந்ததில்லை. அங்கே நடைமுறை அப்படி. வரவேண்டிய விடையை முதலில் எழுதிக்கொள்வார்கள். பிறகு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ப்யூரெட் குழாயின் அளவுகளை நிரப்புவார்கள். நேரமிருந்தால் சோதனையும் செய்வார்கள். விரிவுரையாளர்களுக்கு விஷயம் தெரியாமலில்லை. அவர்களில் பாதிப் பேர் பதிப்பிடம் படித்தவர்கள், மீதிப் பேர் பதிப்பால் வேலைக்கு வந்தவர்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது? இயற்கைதான் தப்பு செய்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

எல்லோரும் நிம்மதியாக இருந்த அந்த இடத்தில் பதிப்பின் ஒரே மகள் வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் எதையும் தராசில் ஏற்ற மாட்டாள். அப்பாவின் புத்தகத்தை அவள் திறந்ததேயில்லை. வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கிற பொருளை யார் மதிப்பார்கள்? செய்முறைத் தேர்வில் லேபிளில் இருந்த மூலக்கூறு எடையை வைத்துக் கணக்குப் போட்டு, இருபத்தைந்து கிராம் நிறுத்துக் கரைத்தாள். விடை மயிரிழை பிசகாமல் வந்தது. அந்தக் கூடத்தில் உண்மையாகவே சரியான விடை வந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் ஒருத்திதான் ஃபெயில்.

பதிப்பின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தேர்வு நடத்தியவர் அவரிடம் படித்து அங்கேயே விரிவுரையாளரானவர். எல்லோருக்கும் அவர் 'தாடி'. ஆய்வகத்துக்குள் நுழையும்போதே பதிப்பு ஆரம்பித்துவிட்டார்.

"என் பொண்ணுக்கு முட்டை போடற அளவுக்கு வளர்ந்துட்டியா? அவ என்ன தப்பு பண்ணினா, சொல்லு!"

தாடி பதறி எழுந்தார். "எனக்கும் மனசு கேக்கலை சார். ஆனா பொண்ணு இருபத்தஞ்சு கிராம் போட்டிருக்கு."

"போட்டா என்ன?"

"பதினாறுதானே சார் போடணும்?" தாடி புத்தகத்தைத் திறந்து அவர்முன் வைத்தார். "நீங்க எழுதினதுதான்."

பதிப்பு படித்தார். அலமாரியில் இருந்த நீலப் பாட்டிலைப் பார்த்தார். மறுபடி படித்தார். அவர் வேதியியல் தெரியாதவர் அல்ல. தன் புத்தகத்தைப் படிக்காதவர், அவ்வளவுதான். தாடிக்குள் இருந்தது பயமா சிரிப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகிவிட்டது. "புத்தகம் தப்பு" என்று இரண்டு சொல் சொன்னால் மகள் தேறிவிடுவாள். ஆனால் அடுத்த வாரம் பாடத்திட்டக் குழு கூடுகிறது. பத்தாம் பதிப்பை எல்லாக் கல்லூரிகளுக்கும் பாடநூலாக வைப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

"சின்னப் பொண்ணு," என்றார் பதிப்பு. "அவசரப்பட்டுட்டா."

வீட்டில் மகள் அழுது வீங்கிய முகத்தோடு காத்திருந்தாள். "லேபிள்ல போட்டிருந்துச்சேப்பா."

"லேபிள் எழுதறவன் கம்பெனிக்காரன். புத்தகம் எழுதறவன் நான்."

"அப்போ எனக்கு விடை எப்படிப்பா சரியா வந்துச்சு?"

"அதான் தப்புங்கறேன். தப்பா செஞ்சா சரியா வரக் கூடாது."

"பெத்த பொண்ணு அழறா, இவர் பாடம் எடுக்கறார்," என்று மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மகள் அவர் சொன்னதை நம்பிவிட்டாள். அவர் எதிர்பார்க்காதது அது ஒன்றுதான். சண்டை போடுவாள், பாட்டிலைக் கொண்டு வந்து முகத்துக்கு நேரே நீட்டுவாள் என்று நினைத்திருந்தார். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பதிப்பே தினமும் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை அது.

குழு பத்தாம் பதிப்பை ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் பதிப்பு பதினாறை அடித்து இருபத்தைந்து ஆக்கினார். மனசாட்சி உறுத்தியதால் அல்ல. வேறு ஏதாவது கல்லூரியில் வேறு ஏதாவது பெண்ணுக்கு லேபிள் படிக்கிற பழக்கம் இருந்து தொலைக்கலாம். 'ஆசிரியரின் இடையறாத ஆய்வின் பயனாகச் செய்முறைகள் செம்மைப்படுத்தப்பட்டுள்ளன' என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்தார். முதல் பிரதி தாடிக்குப் போனது. இனி இருபத்தைந்துதான் என்று விரிவுரையாளர்கள் அறையில் அன்றே அறிவிப்பு ஒட்டிவிட்டார் தாடி.

வீட்டுக்கு மட்டும் ஒரு பிரதிகூட வரவில்லை.

"புதுப் பதிப்பு வந்துடுச்சாமேப்பா, வாங்கட்டுமா?" என்று மகள் கேட்டாள்.

"எதுக்கு? பழசே போதும். ரெண்டும் ஒண்ணுதான்."

வாழ்நாளில் ஒரு பதிப்பைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் நினைக்காமலில்லை. இருபத்தைந்து என்று சொல்வது சுலபம். சொன்ன கையோடு, முதல் தடவை நீ செய்தது சரி, உன்னைத் தோற்கடித்தது நான் என்றும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி மறுதேர்வு நாளே வந்துவிட்டது. கேள்வி என்னவென்று ஊருக்கே தெரியும். ஆய்வகத்தில் தீராமல் கிடக்கிற சரக்கு அந்த நீலப் படிகம்தான்.

காலையில் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே ஒப்பித்தாள். "காப்பர் சல்ஃபேட் வந்தா பதினாறு கிராம். லேபிளைப் பாக்கக் கூடாது. சரியாப்பா?"

பதிப்புக்கு வெட்கமாக இருந்தது, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயைத் திறந்தார்.

"சரிதாம்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தடவை பாருங்க, உங்க பேரைக் காப்பாத்திடறேன்."

படியிறங்கித் தெருவைக் கடந்து பஸ்ஸுக்கு நின்றாள். பதிப்பு பால்கனிக்கு ஓடிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்னப்பா?"

பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தாள்.

"ஹால் டிக்கெட் எடுத்துக்கிட்டியா?"

அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து அதை எடுத்து உயர்த்திக் காட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.