ஏழாம் நம்பர் மட்டைக்குத் தலைக்கனம்

என் வீட்டுக்காரர் என் கோல்ஃப் மட்டையை அறுத்தது என் மேல் இருந்த பிரியத்தில்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன். பிரியத்தோடு அறுத்தாலும் அறுத்தது அறுத்ததுதானே!

என் பெயர் மர்த். எங்கள் சாரம் பகுதியில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் அத்ரியான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனோடு ஒரு கோல்ஃப் பையையும் தூக்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். உழவர்கரையைத் தாண்டி மேற்கே ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் இவருக்குக் கால் அங்கேதான் போகும். நானும் கூடப் போவேன். இவர் ஆடுவார், நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காபி ஊற்றித் தருவேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் பின்னால் எத்தனை ஊர், எத்தனை ராணுவக் குடியிருப்பு! எல்லா ஊரிலும் நான் செய்த வேலை காத்திருப்பதுதான்.

ஒருநாள் இவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் இவருடைய ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்து ஒரு பந்தை அடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். பந்து எங்கே போனது என்றுகூட நான் பார்க்கவில்லை. உள்ளங்கையில் ஏறிய அந்தச் சந்தோஷம் போதுமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு ஆட வேண்டும்.

"ஆடேன், யாரு வேணாங்கறது?" என்றார் இவர்.

வேண்டாம் என்றது மைதானம்தான். அங்கே குறுக்கே ஒரு குளம் கிடக்கிறது. தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று பந்து அடிக்க வேண்டும். ஒன்றாவது அக்கரையில் விழுந்தால்தான் உள்ளே போய் ஆட விடுவார்கள். ஒரு வருடத்துக்கு மூன்று முயற்சிதான். அதிலும் தோற்றால் அடுத்த வருடம் வரை வேப்பமரத்தடி.

நான் குள்ளம். எனக்கென்று கொடுத்த அந்த ஏழாம் நம்பர் நீளமாக இருக்கிறதென்று இவரே முடிவு கட்டி, ஹாக்சா பிளேடை எடுத்துக் கைப்பிடிப் பக்கம் இரண்டு அங்குலம் அறுத்தார். மேலே புதுப் பிடியும் மாட்டிக் கொடுத்தார்.

"வுவாலா! இதோ, உனக்குன்னே அளவெடுத்து தெச்ச ஜாக்கெட்டு மாதிரி இருக்கு பாரு."

அளவு சரிதான். ஆனால் அன்றைக்கே மட்டையில் இருந்த உயிர் போய்விட்டது. சுழற்றினால், பந்தை அடிக்கிற அந்த இரும்புத் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. வெறும் விளக்குமாற்றுக் குச்சியை வீசுவதுபோல் இருந்தது. பந்து வலப்பக்கம் நழுவித் தண்ணீரில் விழும். முதல் முயற்சி குளத்தோடு போயிற்று.

"ரொம்ப லேசா பூடுச்சிங்க," என்றேன்.

"அவ்ளோதான? கனம் சேத்துட்டா போச்சு."

குருசுக்குப்பத்தில் இருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் தனக்கொடியிடம் சொல்லி, வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகள் கொஞ்சம் வாங்கினார். அவற்றைத் துணியில் சுருட்டி, கைப்பிடி நுனியில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே திணித்தார்.

"தலையில வெச்சா இன்னாங்க?" என்று கேட்டேன்.

"தலைக்கனம் மனுசனுக்கும் ஆவாது, மட்டைக்கும் ஆவாது. பிடி கனமா இருந்தாதான் கைக்குள்ள அடங்கி நிக்கும்."

நாற்பது வருடம் துப்பாக்கி பிடித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். இரண்டாவது முயற்சியில் பந்து குளத்து நடுவைக்கூட எட்டவில்லை.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தாங்கவில்லை.

"முன்னத்தவிட மோசமா இருக்கு. கோளாறு மட்டையிலதான்."

"மட்டை மேல பழி போடாத மர்த். ஒரு பந்து ஒழுங்கா அடிச்சிட்ட, அதுலயே உனக்குத் தலைக்கனம் வந்துடுச்சி."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"எனக்குத் தலைக்கனமா? இருந்துட்டுப் போவுது! மட்டைக்குத்தான் அது இல்லியே!"

 கோபத்தில் வந்த வார்த்தைதான், ஆனால் மட்டையின் நோய் இன்னதென்று அதுவே சொல்லிவிட்டது.

மட்டையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். இவர் அறுக்காத எட்டாம் நம்பர் மட்டையையும் எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் பிடியின் நுனியில் இருந்து ஒரே தூரத்தில் நூலைக் கட்டினேன். இரும்பு நாற்காலியின் முதுகுக் கம்பியில் அந்த நூல் படும்படி எட்டாம் நம்பரைக் கிடத்தியபோது தலைப்பக்கம் சாய்ந்தது. பிடி நுனியில் ஒரு பால் டப்பாவைத் தொங்கவிட்டு அரிசியைப் போட்டுக்கொண்டே வந்தேன். டப்பா கிட்டத்தட்ட நிறைந்த பிறகுதான் தலை மேலே எழும்பியது. அடுத்து என் ஏழாம் நம்பர். டப்பா முக்கால் ஆகும் முன்பே, என்னைப் பார் என்று தலை எழும்பி நின்றது. அறுத்ததில் தலையின் கனம் கொஞ்சம் போயிருந்தது. பிடிக்குள் திணித்த ஈயமோ பிடியின் பக்கமே சேர்ந்துகொண்டு, இருந்த கொஞ்சத்தையும் காலி செய்திருந்தது. அடங்கி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் இப்படித்தான்.

இடுக்கியால் துணியைப் பிடித்து இழுத்து ஈயத்தை வெளியே எடுத்தேன். சுத்தியலால் படிக்கட்டு விளிம்பில் வைத்துத் தட்டித் தகடாக்கினேன். இருபக்கமும் ஒட்டும் டேப்பை வைத்து மட்டைத் தலையின் முதுகில் ஒரு துண்டு ஒட்டினேன். திரும்ப நாற்காலி, திரும்ப அரிசி. போதவில்லை. இன்னொரு துண்டு. கடைசித் துண்டு கொஞ்சம் அதிகமாகிவிட்டதால் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்கினேன். இரண்டு மட்டைக்கும் டப்பாவில் அரிசி ஒரே மட்டத்துக்கு வந்ததும் எழுந்து நின்று ஒருமுறை சுழற்றினேன். தலை போகிற வழி முழுக்கக் கைக்குத் தெரிந்தது. தனியாக நின்று சிரித்தேன். எதிர் மாடியில் துணி காயப்போட்ட சுமலதா, "இன்னாக்கா, லாட்டரி அடிச்சிச்சா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி முயற்சி. மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் கலைவாணன் குளக்கரையில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் மட்டையை வாங்கித் தலையின் முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"அசிங்கமா இருக்கே, மர்த்."

"இருக்கட்டும். குடுங்க."

முதல் பந்தைப் பயத்தில் அவசரப்பட்டு வெட்டினேன். தண்ணீர் தெறித்தது.   மட்டை சரியாக இருக்கிறது, நான்தான் பழைய குச்சியை வீசுகிற மாதிரி வீசிவிட்டேன் என்று புரிந்தது. இரண்டாவது பந்துக்கு நான் அவசரப்படவில்லை. மட்டைத் தலையை மேலே கொண்டுபோனேன், அதன் கனத்துக்கு அது இறங்கட்டும் என்று விட்டேன்.

பந்து நேராக எழுந்தது. குளத்தின் மேலே போய்க்கொண்டே இருந்தது. அக்கரைப் புல்லில் விழுந்து, எகிறி, இன்னும் ஓடியது.

"அலெ! அலெ! அலெ!" என்று, போ போ எனப் பந்தைப் பிரெஞ்சில் விரட்டிக் கத்தினார் இவர். தொப்பி கீழே விழுந்தது, கவனிக்கவில்லை. கலைவாணன் கைதட்டினார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அழவில்லை. அழுவதற்கா இத்தனை பாடுபட்டேன்?

"பிராவோ மதாம், தாண்டிட்டீங்க. போதும்," என்றார் கலைவாணன்.

"மூணு பந்துன்னு சொன்னீங்களே. மூணாவத வைங்க."

"எதுக்கும்மா? அதான் பாஸாயிட்டியே," என்றார் இவர்.

"அது உங்க பரீட்சைக்கு. இது எனக்கு."

இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பந்தை என் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். இந்த முறை நான் குளத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கும் அப்பால், பந்து போய் விழ வேண்டிய குழியில் கொடி நட்டிருந்த இடத்தைப் பார்த்து நின்றேன்.