டீச்சர் வாங்கிய லேப்டாப்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வீட்டில் கணவன் அதைக் கிண்டலாகச் சொல்ல ஆரம்பித்தான். பிறகு அவனுக்கே வாய்க்குப் பழகிப்போய், இப்போது வேறு பெயர் வருவதில்லை. பதினோரு வருடமாக, வாரத்தில் ஆறு நாள், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவள் அவள். வேகம் நாற்பதைத் தாண்டாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வண்டி நடுச் சாலையில் அணைந்துபோகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அடித்தே தீர்த்துவிடுவார்கள். "பரவால்ல, பதறாதீங்க. கிளட்ச்சை மிதிங்க, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். குரல் உயர்ந்ததே இல்லை.

ஒருநாள் செருப்பு வாங்கப் போன வணிக வளாகத்தில் கார் பந்தய விளையாட்டு ஒன்றை இலவசமாக ஆடவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் அவள்தான் வயதில் மூத்தவள். ஐந்தே நிமிடம். கடலோரச் சாலை, மணிக்கு இருநூறு கிலோமீட்டர், பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. செருப்பு வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

"ஒரு லேப்டாப் வாங்கப் போறேன்" என்றாள் சாப்பிடும்போது.

"ஆபீஸ் வேலைக்கா அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கல்யாணமாகாமல் அவர்களோடுதான் இருந்தாள்.

"இல்ல. கார் ஓட்ட."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

ஒரு மாதம் அவள் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் வேறெங்கோ போயிருப்பாள். எந்த கிராபிக்ஸ் கார்டு எந்த விளையாட்டுக்குத் தாங்கும், எது விலைக்கு மீறிய வீண் ஜம்பம், எதில் பின்னால் ரேம் சேர்க்க இடம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். கையில் இருந்த சேமிப்புக்குள் வந்த மாடல்கள் மூன்று. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கணவனோடு கடைக்குப் போனாள். தனியாகவே போயிருக்கலாம். அவன் லிஃப்ட் மெக்கானிக். இயந்திரம் என்று பெயர் இருந்தால் தான் இல்லாமல் வாங்கக் கூடாது என்பது அவன் எண்ணம்.

விற்பனையாளர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவனிடம் பேச ஆரம்பித்தார்.

"சார், பட்ஜெட்ல கேமிங்னா இதுக்கு மேல கிடையாது சார்."

"எட்டு ஜிபி ரேம்தானே இருக்கு? போதுமா?" என்று அவள் கேட்டாள்.

"தாராளமா ஓடும் சார். வேணும்னா பின்னாடி ஏத்திக்கலாம் சார்."

கேட்டது அவள், பதில் போனது அவனுக்கு. அவனும் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவன்போலத் தலையாட்டினான். இருந்தது கடைசி ஒன்று. விற்பனையாளர் பெட்டியைப் பிரித்து, மேசைமேல் வைத்து இயக்கிக் காட்டி, திரும்ப அடுக்கிக் கொடுத்தார். ரசீதில் கணவன் பெயரை எழுதப் போனவரை நிறுத்தி, "என் பேர் எழுதுங்க" என்றாள். அன்று அவள் சொல் எடுபட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

விளையாட்டு இறங்கி முடிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் சாயங்காலம், நகத்தைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கடலோரச் சாலை வந்தது. வண்டி கிளம்பியது. பிறகு படம் நின்றது. ஒரு கணம் கழித்துத் திரும்ப உயிர் வந்தபோது வண்டி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. வளைவு இருந்ததே மோதிய பிறகுதான் தெரிந்தது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி சுவர். தெளிவைக் குறைத்தாள், நிழல்களை அணைத்தாள், மரங்களை எடுத்தாள். கடைசியில் கடல் ஒரு நீலத் தகரம் மாதிரி ஆனது. சுவர் மட்டும் அப்படியே இருந்தது.

"என்ன அண்ணி, உங்க டிரைவிங் ஸ்கூல் வண்டியே தேவலாம்போல இருக்கே" என்றாள் நாத்தனார் வாசலில் நின்று.

"ரேம் பத்தல. அதான்."

கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். கொண்டு வந்து கொடுத்தால் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கணவன் காதில் அது விழுந்தது.

"ரெண்டு வாரமா? முப்பது மாடி லிஃப்டை நான் ஒரே நாள்ல கழட்டி மாட்டறேன். இது என்ன, சோப்பு டப்பா மாதிரி இருக்கு."

"எந்த ரேம் வாங்கணும்னு எழுதி வச்சிருக்கேன். இந்த நோட்டைப் பாத்துட்டுப் போங்க."

"ரேம்னா ரேம்தான். எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் பல தடவை அதை நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, அவன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டான். கருவிப் பெட்டியில் இருந்ததிலேயே சின்னத் திருப்புளி, அந்தத் திருகுகளுக்கு ஒரு சுற்றுப் பெரியது. ஒன்பது திருகு வந்தது. பத்தாவது வரவில்லை. அவன் அழுத்தினான். திருப்புளி வழுக்கியது. இன்னும் அழுத்தினான். திருகின் தலை மழுங்கி வழவழவென்று ஆகிவிட்டது.

"விடுங்க. கடைக்கே கொண்டுபோயிடலாம்."

"இரு, ஒரு ஓரம் வந்துடுச்சு."

அந்த ஒரு திருகு பிடித்துக்கொண்டிருக்க, மற்ற ஓரத்தை நெம்பிப் பாதி திறந்தான். பிளாஸ்டிக் கொக்கி ஒன்று டக்கென்று ஒடிந்தது. வாங்கி வந்த ரேமைப் பள்ளத்தில் வைத்தான். அது உட்காரவில்லை. ரேம் துண்டின் வெட்டு ஒரு இடத்தில், பள்ளத்தின் மேடு வேறொரு இடத்தில். அவன் கட்டைவிரலால் அமுக்கினான்.

"அது வேற மாடல்ங்க. பழைய ரகம். பாருங்க, வெட்டே சேரல."

"கொஞ்சம் அமுக்கினா..."

"அமுக்காதீங்க."

அவள் குரல் உயர்ந்தே விட்டது. நாத்தனார் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவன் கையை எடுத்தான். பக்கவாட்டில் ரேமைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய உலோகக் கொக்கி வெளியே வளைந்து நின்றது. பதினோரு வருடத்தில் எவ்வளவோ பேர் அவள் உயிரோடு விளையாடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்மேல்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. ஏனென்றால் அவர்கள் எல்லோரும் தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் தொட்டார்கள்.

அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு ஆள் வராத ஒரு மணி நேரத்தில், லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போனாள். இரண்டாம் மாடியில், ஒரு பீரோ அகலமே இருந்த கடையில், நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு திறந்தது?" என்றாள் அந்தப் பெண், கவிழ்த்துப் பார்த்தவுடன்.

"வீட்டுக்காரர்."

"ம்." அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அந்த 'ம்'மிலேயே எல்லாம் இருந்தது. ஒரு ரப்பர் வளையத்தை மழுங்கிய திருகின் தலைமேல் விரித்து, அதன்மேல் திருப்புளியை வைத்து மெதுவாகத் திருப்பினாள். திருகு சொன்ன பேச்சுக் கேட்டு வெளியே வந்தது. வளைந்த உலோகக் கொக்கியை இடுக்கியால் நிமிர்த்தினாள். டீச்சர் நோட்டைப் பார்த்துப் படித்துச் சொன்ன ரேமைப் பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்தாள்.

"நீங்களே மாட்டுங்க. சாய்வா நுழைச்சு, கீழே தட்டுங்க. சத்தம் கேக்கும்."

சத்தம் கேட்டது. திரையில் பதினாறு ஜிபி என்று வந்தபோது, ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் விளையாட்டைப் போட்டாள். வண்டி கிளம்பியது. வளைவு வந்தது. திருப்பினாள். திரும்பியது. இன்னொரு வளைவு, ஒரு பாலம், ஒரு சுரங்கம். ஏழெட்டு நிமிடம் எல்லாம் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் படம் தத்தியது. அப்புறம் நின்றது. அப்புறம் சுவர்.

மேசைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இத்தனை நாள், இத்தனை படிப்பு, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, ஞாயிற்றுக்கிழமை பாழ், எல்லாம் இந்தச் சுவரில் வந்து முட்டத்தானா என்று இருந்தது. விற்றுவிடலாம் என்று நினைத்தாள். விற்றால் நாத்தனார் என்ன சொல்வாள் என்பதையும் நினைத்தாள்.

"முதல்ல நல்லாத்தானே ஓடிச்சு அண்ணி?" என்றாள் நாத்தனார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல நல்லா ஓடிச்சு. போகப் போகத் திணறுது."

சொன்னபிறகு அந்த வாக்கியம் அவள் காதிலேயே நின்றது. போகப் போகத் திணறுவது. கிளம்பும்போது ஒழுங்காகக் கிளம்பி, மேடு ஏறும்போது விக்குவது. அப்படி ஒரு வண்டி பயிற்சிப் பள்ளியில் இருந்தது. ஆளாளுக்கு இன்ஜினைக் குறை சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், குழாயில் அடைப்பு. பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை.

திரையின் மூலையைப் பார்த்தாள். மின்சாரத்தில் இணைத்துத்தான் இருந்தது. ஆனாலும் பேட்டரி அறுபத்தொன்றில் நின்றது. ஆரம்பிக்கும்போது நூறு இருந்ததை அவள் பார்த்திருந்தாள். செருகியிருக்கும்போதே இறங்குகிறது என்றால், வருவதைவிடச் செலவாவது அதிகம். மேசைக்கு அடியில் குனிந்து சார்ஜரை எடுத்தாள். கறுப்புச் செங்கல் மாதிரி இருந்ததன் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் தொண்ணூறு வாட் என்று இருந்தது. பரண்மேல் இருந்து லேப்டாப் வந்த பெட்டியை இறக்கினாள். பெட்டியில் நூற்றெண்பது.

அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய கணவன் வாசலிலேயே நின்றான். அவள் சார்ஜரையும் பெட்டியையும் அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டையும் படித்தான். மறுபடி படித்தான். மோட்டாருக்கு எத்தனை வாட் என்று பார்க்காமல் கம்பி இழுக்காதவன் அவன். காது சிவந்தது.

"இதை நான் முதல் நாளே பாத்திருக்கணும்" என்றான்.

"ஆமா" என்றாள் அவள். இரண்டு நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

"நாளைக்கு நானும் வர்றேன். அவனை ஒரு பிடி பிடிக்கிறேன்."

"வேணாம். நானே போறேன்."

மறுநாள் மதியம் கடையில் அதே விற்பனையாளர். "சார் வரலையா மேடம்?" என்றார்.

"லேப்டாப் என்னோடது" என்று சொல்லி, சார்ஜரையும் பெட்டியையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டையும் மேலோட்டமாகப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். பின் உள்ளே போகுதுல்ல?"

"போகுது. அதுக்காக, குழந்தைக்குப் பால் ஊட்டற பாலாடையில யானைக்குத் தண்ணி காட்ட முடியுமா?"

பக்கத்தில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். விற்பனையாளர் குரலைத் தணித்தார். பெட்டி பிரித்தாயிற்று என்றார். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். புகார் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார். அவள் கேட்டுக்கொண்டே கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். ஓரத்து மேசையில், பார்வைக்கு வைத்த லேப்டாப்புகளில் ஒன்று கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண ரகம். அதற்குப் போய்க்கொண்டிருந்த கம்பியைத் தொடர்ந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பருமனான கறுப்புச் செங்கல் ஒன்று தரையில் கிடந்தது. குனிந்து புரட்டினாள். நூற்றெண்பது.

"அன்னிக்கு இந்த மேசையிலதான் எனக்கு ஓட்டிக் காட்டினீங்க. திரும்ப அடுக்கும்போது மாத்தி வச்சுட்டீங்க."

அவள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் அதைப் பிடுங்கினாள், தன்னிடம் இருந்ததை அங்கே செருகினாள். சாதாரண லேப்டாப் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

"மேடம், அதை ரிஜிஸ்டர்ல எழுதணும்..."

"எழுதுங்க. இருக்கேன்."

அவர் எழுதி முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சாரி அந்த மனிதர் வாயிலிருந்து வந்திருந்தால் அடங்கியிருக்கும். வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு வண்டிப் பந்தயம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினாள். லேப்டாப்பின் விசிறி மாவு மெஷின்போலக் கத்தியது. ஒடிந்த கொக்கி இருந்த ஓரம் லேசாக அதிர்ந்தது. ஆனால் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சுரங்கத்தைத் தாண்டி, சாலை முழுக்கக் கடலைப் பார்த்தபடியே போனாள். பதினோராவதாக வந்தாள். தோற்றது முழுக்கத் தன் கையால்தான் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. உடனே மறுபடி ஆரம்பித்தாள்.

இரண்டாம் சுற்றில் அவள் கைபேசி அடித்தது. பயிற்சிப் பள்ளியின் எண். அவள் கண்ணை எடுக்கவில்லை. அது நின்று திரும்ப அடித்தபோது கணவன் வந்து எடுத்தான்.

"ஆமாங்க, டீச்சர் வீடுதான்" என்றான். திரையை ஒரு தடவை பார்த்தான். "இப்பப் பேச முடியாதுங்க. அவங்க ஓட்டிட்டு இருக்காங்க."